பார்டர் டெரியர்: எலி பிடிக்கவும் பிள்ளைகளோடு இருக்கவும் ஒரே நாய் ஒத்துவருமா?

கோதை_ஹெக்ஸம்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கிறது இங்கிலாந்தோட வடகோடி நார்தம்பர்லாந்தில், ஹெக்ஸம் பக்கம். வீட்டில் 5 வயசும் 9 வயசுமா ரெண்டு பிள்ளைங்க, கூண்டில் ஒரு கினிப்பன்றி. ஊர் ஓரத்தில் வாடகைக்கு எடுத்த தோட்டத்தில் ஆறு கோழி, ரெண்டு உரக்குவியல், கொஞ்சம் காய்கறிப் பாத்தி. கோழிக்கூண்டுக்கு அடியிலும் உரக்குவியலுக்குள்ளும் எலி வளை போட்டுடுச்சு. விஷம் வைக்க மனசில்லை.

பார்டர் டெரியர் இந்தப் பகுதியோட நாய், எலிக்கும் ஆகும், பிள்ளைங்களோடயும் நல்லா இருக்கும்னு இங்கே சொல்றாங்க. ஒரு வளர்ப்பாளர்கிட்ட குட்டிங்க ஏழாவது வாரத்தில் இருக்கு. பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்கணும்? எந்த வயசில் எலிக்கு விடலாம்? கோழியையும் கினிப்பன்றியையும் விட்டுவைக்குமா? இந்த இனத்துக்கு முடியை வெட்டக் கூடாது, பிடுங்கணும்னு சொல்றாங்களே, அது நாய்க்கு வலிக்காதா? நம்ம வீட்டுச் சாப்பாட்டில் எதைக் கொடுக்கலாம், எது கூடாது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


செம்மண்

வணக்கம் கோதை. எலிக்காக நாய் வாங்காதீங்க. நாய் வேணும்னா வாங்குங்க, எலி வேலை அதோட சேர்ந்து வரட்டும். எலி உங்க தோட்டத்துக்கு வந்தது கோழித் தீவனத்துக்காக. தீவனம் கிடைக்கிற வரைக்கும் நாய் பத்து எலியைப் பிடிச்சா பக்கத்துத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு வரும்.

அதனால முதல் வேலை கூண்டு. தீவனத்தை மூடியுள்ள இரும்பு டப்பாவில் வைங்க, பிளாஸ்டிக்கை எலி கடிச்சுடும். கோழி பகலில் தின்னு தீர்க்கிற அளவு மட்டும் போடுங்க. இருட்டறதுக்கு முன்னாடி தட்டை எடுத்து உள்ளே வைங்க, இல்லேன்னா கோழி மிதிச்சா மட்டும் திறக்கிற தீவனப் பெட்டி வாங்குங்க. வலை 13 மில்லிமீட்டர் கண்ணுக்கு மேல இருக்கக் கூடாது. சாதாரணக் கோழிவலைக்குள்ள குட்டி எலி தாராளமா நுழையும். கூண்டைத் தரையோட வைக்காம, 25 முதல் 30 சென்டிமீட்டர் கால் கொடுத்துத் தூக்குங்க. அடியில் வெளிச்சம் வந்தா எலி அங்கே குடியிருக்காது. நாயும் உள்ளே போய் வர முடியும். இவ்வளவும் செஞ்ச பிறகுதான் டெரியரோட உழைப்புக்குப் பலன் தெரியும்.

இப்ப நாய் விஷயம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் இருக்கிற செவியட் மலைப் பக்கம், நரி பிடிக்க வளர்த்த இனம் இது. நாய் இனங்களைப் பதியற பிரிட்டன் அமைப்பான கென்னல் கிளப் 1920இல்தான் அங்கீகாரம் கொடுத்தது, ஆனா மலை விவசாயிங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே வெச்சிருந்தாங்க. ஆட்டுக்குட்டியைத் தூக்கிட்டுப் போற நரியைக் குதிரையில் துரத்தும்போது கூடவே ஓடணும், அதனால மத்த குட்டை டெரியர்களைவிடக் காலு கொஞ்சம் நீளம். நரி வளைக்குள்ள போனா பின்னாலேயே நுழையணும், அதனால மார்பு குறுகல். இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் பார்டர். கென்னல் கிளப் தர அளவில் ஆண் 5.9 முதல் 7.1 கிலோ, பெட்டை 5.1 முதல் 6.4 கிலோ. இப்ப வீடுகளில் 9, 10 கிலோ பார்டரைச் சாதாரணமாப் பார்க்கலாம். கொஞ்சம் எலும்புப் பெருக்கம், மிச்சம் கொழுப்பு.

குட்டியைப் பார்க்கப் போகும்போது குட்டியைவிடத் தாயை அதிகமாப் பாருங்க. தாயோட முன்னங்கால் தோளுக்குப் பின்னால ரெண்டு கையையும் சுத்தி வைங்க. சராசரிக் கையில் விரல் நுனிங்க தொடணும். தொட்டா மார்பு சரி. முதுகுத் தோலைப் பிடிச்சுத் தூக்கினா தடிப்பா, தளர்வாக் கையில் வரணும். கடிபட்டா உள்ளே சதையைக் காப்பாத்துறது அந்தத் தோல்தான். தலை அகலமா, மூக்குப் பகுதி குட்டையா, மொத்தத்தில் நீர்நாய்த் தலை மாதிரி இருக்கும். கடைசியா தாயோட குணம். வீட்டுக்கு வந்த ஆளைப் பார்த்து ஒளிஞ்சாலும் வேண்டாம், விடாம உறுமினாலும் வேண்டாம்.

இங்கிலாந்தில் 2020லேர்ந்து கடைக்காரங்க மூலமா ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டியை விற்க முடியாது. வளர்ப்பாளர் வீட்டிலேயே தாயோட சேர்த்துப் பார்க்கணும். எட்டு வாரம் முடியாம எடுக்காதீங்க. தோலுக்கு அடியில் அடையாள மைக்ரோசிப் போட்டிருக்கணும், அது வளர்ப்பாளர் பேரில் பதிஞ்சிருக்கணும். தாய் தகப்பனோட டி.என்.ஏ சோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்க. ஷேக்கிங் பப்பின்னு சொல்ற நரம்பு நோய் இந்த இனத்தில் இருக்கு. ரெண்டு மூணு வாரத்துக் குட்டி நிக்க முடியாம பின்பக்கம் ஆடும். ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் அந்த மரபணு வந்தாத்தான் நோய் வரும். தாய் தகப்பனில் ஒண்ணாவது சுத்தம்னு தாளில் இருந்தாப் போதும்.

கினிப்பன்றி பத்தி: எத்தனை வருஷம் சேர்ந்து வளர்ந்தாலும் நம்பாதீங்க. கண் முன்னாடி குறுகுறுன்னு ஓடுற சின்ன உயிரைப் பிடிச்சு உலுக்கறதுக்காகவே நூறு வருஷத்துக்கு மேல பொறுக்கி எடுத்த இனம். நடுவில் மூடின கதவு எப்பவும் வேணும், கூண்டுக் கம்பி மட்டும் போதாது.

கோழியைப் பழக்கலாம். குட்டி வந்த முதல் வாரத்திலிருந்தே கயித்தோட வலைக்கு வெளியே உட்கார வைங்க. கோழியைப் பார்த்துட்டுத் தானா உங்க பக்கம் திரும்பும்போது உடனே ஒரு துண்டு இறைச்சி. தினம் அஞ்சு நிமிஷம், ரெண்டு மூணு மாசம். கோழி சிறகடிச்சு ஓடும்போதும் நாய் உங்களைத் திரும்பிப் பார்த்தாத்தான் அடுத்த படி. அப்பவும் ஆள் இல்லாம கோழியோட விடக் கூடாது.


நெடுந்தீவான்

கோதை அக்கா, செம்மண் சொன்னது சரி. நான் சாப்பாடும் சுகமும் பற்றிக் கொஞ்சம் எழுதுறன், ஏனெண்டால் எங்கட ஆக்கள் கூடப் பிழை விடுறது அதிலதான்.

ஆறரைக் கிலோ பார்டருக்கு ஒரு நாளைக்கு 350 முதல் 450 கலோரி போதும். கடையில வாங்கிற உலர் தீனில அது ஏறத்தாழ 100 முதல் 120 கிராம். தராசில நிறுத்துப் போடுங்கோ, கோப்பைக் கணக்குச் சரிவராது. இதில பத்து வீதத்துக்கு மேல வேற தீனி குடுக்கக் கூடாது எண்டால் 40 கலோரி சொச்சம். ஒரு சின்ன இட்லி அவ்வளவு இருக்கும். அப்ப ஒரு இட்லி குடுத்தால் அண்டைக்கு வேற ஒண்டும் இல்லை. பிள்ளையள் ரெண்டு பேரும் மேசைக்குக் கீழால ஆளுக்கொரு துண்டு குடுத்தால் நாய் ஆறு மாதத்தில உருண்டுபோகும். விலா எலும்பு கையில தட்டுப்பட வேணும், மேலால பாத்தால் இடுப்பு தெரிய வேணும்.

சாம்பார், குழம்பு, பிரட்டல் கறி ஒண்டும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் (பூண்டு) நாயின்ர சிவப்பணுவை உடைக்கும், அவிச்சாலும் பொரிச்சாலும் தூளாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பாயாசத்திலயும் சர்க்கரைப் பொங்கலிலயும் போடுற முந்திரிகை வத்தல் (உலர்ந்த திராட்சை) சிறுநீரகத்தை அடிக்கும். எவ்வளவு திண்டால் ஆபத்து எண்டு அளவு சொல்லேலாது, அதனால ஒண்டு விழுந்தாலும் பொறுக்கி எடுங்கோ. சொக்கிளேற், சைலிற்றோல் எண்ட சீனி மாற்று இனிப்புப் போட்ட சூயிங்கம் ரெண்டும் கூடவே கூடாது. அவிச்ச கோழி எலும்பு உடைஞ்சு குத்தும்.

பார்டருக்கெண்டே ஒரு வருத்தம் இருக்கு, இதை வடிவாக் கவனியுங்கோ. திடீரெண்டு நாய் விறைச்சு, நடக்கேலாமல் தள்ளாடும், முதுகை வளைக்கும், கால் இழுக்கும், சில வேளை வயிறு இரையும். சில நிமிசத்தில இருந்து மணித்தியாலக் கணக்குக்கும் நிக்கும். ஆனால் நினைவு தப்பாது, கூப்பிட்டால் உங்களைப் பாக்கும். காக்கை வலிப்பில அப்பிடி இல்லை. முந்தி இதை ஸ்பைக் நோய் எண்டு சொன்னவை. பிறகுதான் கோதுமை மாதிரித் தானியங்களில இருக்கிற குளூட்டன் எண்ட புரதம் ஒத்துக்கொள்ளாததால வருது எண்டு கண்டுபிடிச்சினம். வந்தால் முதல் வேலையா போனில வீடியோ எடுங்கோ. மிருக வைத்தியரிட்டப் போறதுக்குள்ள நாய் சுகமாகி நிக்கும், வீடியோ இல்லாட்டி அவருக்கு விளங்காது. இரத்தத்தில எதிர்ப்புப் பொருள் பாக்கிற சோதனை இருக்கு. அது உறுதியானால் கோதுமை, பார்லி, றை மூண்டையும் முழுசா நிப்பாட்ட வேணும். கன நாயளுக்கு அதோடயே இழுப்பு நிண்டுபோகும். ஒரு பிஸ்கற் துண்டாலயும் திரும்பி வரும்.

எங்கட சமையலறையில இதுக்கு ஒரு வசதி இருக்கு. சோறு, இட்லி, தோசை, இடியப்பம் எல்லாம் அரிசி, பிரச்சினை இல்லை. ஆனால் இடியப்பத்துக்குக் கோதுமை மா கலக்கிற வீடெண்டால் குடுக்காதேங்கோ. சப்பாத்தி, பாண், ரவை உப்புமா, சேமியா எல்லாம் கோதுமை. கடையில வாங்கிற பெருங்காயத்தூளிலயும் கோதுமை மா கலந்திருக்கும், ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. வருத்தம் வராத நாய்க்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

இன்னொண்டு பித்தப்பை. பார்டருக்கு வயசு போகப் போக பித்தப்பைக்குள்ள சளி மாதிரி கட்டிப்படும். சாப்பாட்டை வெறுத்துச் சத்தி எடுத்து, கண் வெள்ளையும் முரசும் (ஈறு) மஞ்சளானால் அண்டைக்கே கொண்டு போங்கோ, ஸ்கான் செய்தால் தெரியும். ஏழு வயசுக்குப் பிறகு வருசத்துக்கு ஒருக்கா இரத்தம் சோதிக்கிறது நல்லம். இந்த இனம் வலியைக் காட்டாது. கால் முறிஞ்சாலும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அதனால "சும்மா கொஞ்சம் சோர்வு" எண்டு தெரிஞ்சாலே பெரிசா எடுக்க வேணும்.

பிள்ளையளுக்கு ரெண்டு சட்டம் காணும். நாய் தன்ர படுக்கையில கிடந்தால் ஒருத்தரும் கிட்டப் போறேல்லை. நாயைத் தூக்கிறேல்லை. ஐஞ்சு வயசுப் பிள்ளை கத்திக்கொண்டு ஓடினால் குட்டி துரத்திக் காலைக் கவ்வும். அது கோபத்தில செய்யிறதில்லை, ஓடுறதைப் பிடிக்கிற பழக்கம். அந்த நேரம் பிள்ளையை மரம் மாதிரி நிக்கச் சொல்லுங்கோ, நாய்க்குக் கடிக்கிற பொம்மையைக் குடுங்கோ. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு ஒளிச்சு வைச்ச சாமானை மோந்து பிடிக்கிற விளையாட்டைப் பழக்கிவிடுங்கோ. பார்டருக்கு அரை மணித்தியாலம் மூக்கு வேலை குடுத்தால் ஒரு மணித்தியாலம் நடந்த களைப்பு வரும்.


கத்தரியும்சீப்பும்

முடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பார்டருக்கு இரண்டு அடுக்கு. வெளியே கம்பி போன்ற முரட்டு முடி, உள்ளே நெருக்கமான மென்முடி. மழையும் முள்ளும் வெளி அடுக்கோடு நின்றுவிடும். வெளிமுடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போல முதிர்ந்து, வேரில் பிடி விட்டுவிடும். அந்த நிலையில் பிடுங்கினால் வலிக்காது. முதிராத முடியைப் பிடுங்கினால் வலிக்கும். அதனால் நாள் பார்த்துப் பிடுங்காதீர்கள், முடியைப் பார்த்துப் பிடுங்குங்கள். முதுகில் தானாக வகிடு பிரிந்து முடி சிலிர்த்து நிற்கும். நான்கைந்து முடியை நுனியில் பிடித்து இழுத்தால் எந்தத் தடையும் இல்லாமல் கையோடு வரும். நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுதான் நேரம். குட்டிக்கு முதல் தடவை பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு மாதத்துக்குள் வரும்.

ஒரு வாரம் முன்பிருந்தே குளிப்பாட்ட வேண்டாம், சுத்தமான முடி வழுக்கும். விரலுக்கு ரப்பர் உறை மாட்டுங்கள், அல்லது சாக்பீஸ் தூள் தடவுங்கள். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையால் சில முடிகளை மட்டும் நுனிப்பக்கம் பிடித்து, முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் முடி உடையும், தோல் சிவக்கும். கழுத்தின் பின்புறம் தொடங்கி முதுகு, பிறகு விலா, தொடை, கால். தலையும் காதும் கடைசி. வயிறு, இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் பிடுங்கவே கூடாது, மொட்டை முனைக் கத்தரியால் ஒழுங்குபடுத்தினால் போதும். ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். அரைமணி நேரம் வீதம் நான்கைந்து நாளில் செய்தால் நாயும் பொறுக்கும், உங்கள் விரலும் பொறுக்கும். ஆனால் அதற்கு மேல் இழுக்காமல் ஒரு வாரத்துக்குள் உடம்பை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புதுமுடி திட்டுத்திட்டாக வரும்.

பிடுங்கி முடித்ததும் உள்முடியோடு மட்டும் நாய் பாதியாகத் தெரியும், பயப்பட வேண்டாம். புதுமுடி நிறைய மூன்று மாதம் ஆகும். ஹெக்ஸம் குளிரில் நவம்பர், டிசம்பரில் பிடுங்க நேர்ந்தால் வெளியே போகும்போது மேலங்கி போடுங்கள். எலி வேலை இருந்தால் அந்த வாரங்களில் வேண்டாம், கடியிலிருந்து காக்கும் முடி அப்போது இருக்காது.

மெஷின் போட்டால் என்ன ஆகும்? இறந்த முடியின் அடிப்பகுதி தோலிலேயே தங்கும், புதுமுடி முரட்டுத்தன்மையோடு வராது. இரண்டு மூன்று தடவையில் நிறம் வெளுத்து, பஞ்சு போல மென்மையாகி, மழைநீர் நேரே தோலுக்குப் போகும், சேறு ஒட்டும். சோபாவில் தூங்கும் நாய்க்கு இது பெரிய குற்றமில்லை. தோட்டத்தில் வேலை செய்யப் போகும் நாய்க்கு மெஷின் வேண்டாம் என்பேன். கருத்தடை செய்த பிறகு சில நாய்களின் முடி கம்பளிபோல் ஆகிப் பிடுங்க வராது. வயதான நாய்க்கும் தோல்நோய் உள்ளதற்கும் பிடுங்குவது தொந்தரவு. அவற்றுக்கு மெஷினே நல்லது. முடிவெட்டும் கடைகளில் பலர் கையால் செய்வதில்லை. நேரம் பதியும்போதே "கையால் பிடுங்குவீர்களா, மெஷினா" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.


கோதை_ஹெக்ஸம்

ரொம்ப நன்றி. கூண்டைத் தூக்கி வைக்கிற வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கிறோம். ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. பக்கத்துத் தோட்டக்காரர் எலி விஷப் பெட்டி வெச்சிருக்கார், நீல நிறக் கட்டி. நாய் வந்தா அது எவ்வளவு ஆபத்து? இன்னொண்ணு, தோட்டத்துக்குப் பின்னால ஆட்டு மேய்ச்சல், அதைத் தாண்டினா குழிமுயல் வளையா இருக்கிற மேடு. நாய் வளைக்குள்ள போய் மாட்டிக்கும்னு பயமா இருக்கு. எலி வேட்டையை எப்படிச் செய்யணும்னும் வரிசையா சொன்னா நல்லா இருக்கும்.


வளைகாவலர்

கோதைம்மா, விஷம் இருக்கிற தோட்டத்துல டெரியரை இறக்காதீங்க. முதல்ல பக்கத்துக்காரர்கிட்ட நேர்ல பேசுங்க. என்ன விஷம், எப்ப வெச்சார்னு கேட்டு, பாக்கெட்டைப் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. நிறத்தை வெச்சு விஷம் எதுன்னு சொல்ல முடியாது. இங்கே அதிகமா விக்கிறது புரோடிஃபகோம், டைஃபெனகோம், புரோமடியோலோன் வகை. எல்லாம் ரத்தத்தை உறைய விடாது. விஷம் தின்ன எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும், நாய்க்குச் சுலபமா அகப்படும். அந்த மாதிரி ஒரு எலியைக் கடிச்சுத் துப்பினா ஆபத்து குறைவு. முழுங்கினாலோ, பல எலியைத் தின்னாலோ, கட்டியையே தின்னாலோதான் பெரிய ஆபத்து.

அறிகுறி அன்னைக்கே தெரியாது. மூணு முதல் ஏழு நாள் கழிச்சு நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், இருமும், மூச்சு வாங்கும், மூட்டுக்குள்ள ரத்தம் கசிஞ்சா நொண்டும். தின்னதைப் பார்த்தீங்கன்னா அறிகுறிக்குக் காத்திருக்காம உடனே மருத்துவர்கிட்ட ஓடுங்க. முதல் ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுக்க வைக்க முடியும், வீட்டில் உப்புத்தண்ணி கொடுத்து முயற்சி பண்ணாதீங்க. நேரம் தாண்டினா 48 முதல் 72 மணி நேரத்தில் ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிப்பாங்க. தேவைன்னா வைட்டமின் கே1 மாத்திரை, வழக்கமா மூணு நாலு வாரம். நாய் தெளிஞ்சுடுச்சுன்னு பாதியில் நிறுத்தினா திரும்ப ரத்தம் கசியும். வைட்டமின் டி3யை வெச்சுச் செய்யற எலி விஷமும் கடையில் இருக்கு. அதுக்கு கே1 வேலை செய்யாது, சிகிச்சையே வேற. பாக்கெட் போட்டோ கேட்டது அதுக்குத்தான். பக்கத்துக்காரர் விஷத்தை எடுத்து, செத்த எலி வர்றது நின்னு, அதுக்கு மேலயும் ஒரு மாசம் போகட்டும்.

அடுத்தது எலிக்காய்ச்சல். வருஷா வருஷம் ஊசி போடணும். நாலு வகைக் கிருமிக்கும் சேர்ந்த எல்4 ஊசியா, ரெண்டு வகைக்கான எல்2வான்னு மருத்துவர்கிட்ட கேட்டு, எலி வேலைக்குப் போற நாய்னு சொல்லியே பேசி முடிவு பண்ணுங்க. முதல் ரெண்டு ஊசிக்கு நடுவில் நாலு வாரம், ரெண்டாவது போட்டு நாலு வாரம் கழிச்சுத்தான் எலிப்பக்கம் விடணும். மனுஷனுக்கும் எலி மூத்திரம் வழியா இதே நோய் வரும். உரக்குவியல் கிளறும்போது கையுறை கட்டாயம், கையில் வெட்டுக்காயம் இருந்தா மூடி ஒட்டுங்க, பிள்ளைங்க அன்னைக்குத் தோட்டத்துக்கு வர வேண்டாம்.

வயசு: நிரந்தரப் பல் ஏழு மாசத்துக்குள்ள முளைச்சுடும், ஆனாலும் பத்து மாசம் முடியட்டும். குட்டியில் பெரிய எலிகிட்ட மூக்கில் கடி வாங்கினா, ஒண்ணு எலியைக் கண்டாலே ஒதுங்கும், இல்லேன்னா வெறிபிடிச்ச மாதிரி மோதும். ரெண்டுமே வேலைக்கு உதவாது. அதுக்கு முன்னாடி கூப்பிட்டா வரணும், "விடு"ன்னா வாயிலிருக்கிறதை விடணும். இந்த ரெண்டும் இல்லாத நாயை வேலைக்கு இறக்காதீங்க.

இப்ப வேட்டை. காஞ்ச, குளிர்ந்த பகல் நல்லது. முதல் நாளே சுத்திப் பார்த்து வளைகளை எண்ணுங்க. புழக்கத்தில் இருக்கிற வளையோட வாய் ஆறு முதல் ஒன்பது சென்டிமீட்டர், விளிம்பு வழவழன்னு தேய்ஞ்சிருக்கும், சிலந்திவலை இருக்காது, புது மண் கிடக்கும். சுத்தி ரெண்டு மீட்டருக்குப் புல்லையும் பலகையையும் அப்புறப்படுத்துங்க. எலி ஓட வெளி இருந்தாத்தான் நாய்க்குப் பிடிக்க முடியும். ரெண்டு வாயை மட்டும் விட்டுட்டு மத்ததைப் புல்கட்டியால் அடைங்க. நாயை அந்த வாய்க்கு ஒரு மீட்டர் தள்ளிக் கயித்தில் பிடிச்சு நிறுத்துங்க, வாயிலேயே மூக்கை வெச்சு நின்னா எலி வெளியே வராது. இன்னொருத்தர் எதிர்ப்பக்கக் கோடியிலிருந்து தோட்ட வேலைக்கான பெரிய முள்கரண்டியால் மெதுவா உரத்தைப் பிரிச்சுட்டே வரணும். எலி வெளியே ஓடினதும் கயித்தை விடுங்க. நல்ல டெரியர் கழுத்துப் பக்கம் கவ்வி ஒரே உலுக்கு, ஒரு நொடியில் முடிஞ்சுடும், உடனே அடுத்ததைத் தேடும்.

இதில் நாய்க்கு வர்ற மோசமான காயம் எலியால் இல்லை, ஆளோட மண்வெட்டியால். எலியைப் பார்த்த பரபரப்பில் வீசுவாங்க, நாயோட தலை அங்கே இருக்கும். முள்கரண்டி பிடிச்சவர் எலியை அடிக்கவே கூடாதுன்னு ஆரம்பிக்கும்போதே பேசிக்கணும்.

முடிஞ்சதும் எலியை நாய் தின்ன விடாதீங்க. கையுறையோட எடுத்து ரெட்டைப் பையில் கட்டுங்க. நாயோட வாயைச் சுத்தமான தண்ணியால் அலசி, உதடு, ஈறு, கண், விரல் இடுக்கெல்லாம் பாருங்க. அரை லிட்டர் கொதிக்கவெச்சு ஆறின தண்ணியில் ஒரு மட்டக் கரண்டி உப்பு, சின்னக் கரண்டி, அதால் கடிவாயைக் கழுவுங்க. எலிப்பல் மெலிசு, ஆழமா இறங்கும், மேல் தோல் ஒரே நாளில் மூடிக்கும். ரெண்டு முதல் நாலு நாளில் முகம் வீங்கினா உள்ளே சீழ் கட்டியிருக்கு, மருத்துவர் பார்க்கணும்.

சட்டம்: இங்கிலாந்தில் நாயை வெச்சுக் காட்டு விலங்கை வேட்டையாடறதைத் தடுக்கிற 2004 வேட்டைச் சட்டத்தில் எலிக்கும் குழிமுயலுக்கும் விலக்கு இருக்கு, நிலத்துக்காரர் அனுமதி இருந்தா. உங்க தோட்டம் வாடகை நிலம், அதனால தோட்டச் சங்கத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்கி வைங்க. பெருமுயலுக்கு அந்த விலக்கு இல்லை. நரி வளைக்குள்ள நாயை விடறதுக்கு ரொம்பக் குறுகின நிபந்தனைகள் இருக்கு, வீட்டு நாய்க்காரங்க அதில் தலையிடவே வேண்டாம். பேட்ஜர்னு வளை தோண்டி வாழற காட்டு விலங்கு இருக்கு, அதோட வளையைத் தொட்டாலே 1992 சட்டப்படி குற்றம், நாய் உள்ளே போக விடறதும் அதில் சேரும். வாயைப் பார்த்தாத் தெரியும்: குழிமுயல் வளை 10 முதல் 15 சென்டிமீட்டர். பேட்ஜர் வளை 25, 30 சென்டிமீட்டர் அகலத்துக்குப் படுத்த ஆங்கில ‘D’ எழுத்து மாதிரி, முன்னால பெரிய மண்மேடு, பழைய புல்படுக்கையும் கிடக்கும். அப்படி ஒண்ணு இருந்தா அந்த மேட்டில் எப்பவும் கயிறுதான். எல்லை தாண்டி ஸ்காட்லாந்து போனா அங்கே 2023லேர்ந்து வேற சட்டம், இங்கிலாந்து விலக்கை அங்கே நம்பிப் போகாதீங்க.

நாய் வளைக்குள்ள போயிடுச்சுன்னா கத்திக்கிட்டே இருக்காதீங்க. சத்தம் கேட்டா ஆள் கூடவே இருக்காங்கன்னு இன்னும் உள்ளே போகும். போன வாய் எதுன்னு அடையாளம் வைங்க, உங்க மேலங்கியை அங்கே போடுங்க, காத்து வீசுற பக்கம் தள்ளி அமைதியா நில்லுங்க, தரையில் காதை வெச்சுக் கேளுங்க. பெரும்பாலும் தானா வரும். சாதாரண ஜிபிஎஸ் பட்டை மண்ணுக்கு அடியில் சிக்னல் தராது. ஆழம் காட்டுற டெரியர் லொக்கேட்டர் பட்டை வேற சாதனம், குழிமுயல் மேட்டுப் பக்கம் அடிக்கடி போறவங்களுக்கு அது உதவும். பேட்ஜர் வளைன்னா நீங்களே தோண்டக் கூடாது, நேச்சுரல் இங்கிலாந்துங்கிற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்லி அவங்க சொல்றபடி செய்யணும்.


செம்மண்

வளைகாவலர் விவரமா எழுதிட்டார். ஒரு இடத்தில் மட்டும் வேற கருத்து: பத்து மாசம்னு அவர் சொன்னது வேலைக்கே வளர்க்கிற வீட்டுக்குச் சரி. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டில் ஒரு வயசு தாண்டட்டும். முதல் வருஷம் முழுக்க "கூப்பிட்டா வா" ஒண்ணே பாடமா இருக்கட்டும். பத்து மீட்டர் நீளக் கயிறு, கழுத்துப் பட்டையில் மாட்டாதீங்க, மார்பைச் சுத்திப் போடுற ஹார்னெஸ் வாரில் மாட்டுங்க. ஓடிப்போய் முழு வேகத்தில் நின்னா கழுத்து அடிபடும். எலி ருசி கண்ட பிறகு பார்டரோட காது பாதிதான் கேட்கும், அதனால முன்கூட்டியே ஆழமாப் பதியணும்.

ஆட்டு மேய்ச்சல் இருக்குன்னு சொன்னீங்களே, அதை யாரும் எடுக்கலை. 1953 கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி நாய் ஆட்டைக் கடிக்கணும்னு இல்லை. ஆடு மேயற வயலில் கயிறு இல்லாம, கட்டுப்பாட்டில் இல்லாம திரிஞ்சாலே குற்றம். சினை ஆட்டை விரட்டினாலே குட்டி கலைஞ்சுடும். தடுக்க வேற வழி இல்லாத நிலையில் விவசாயி நாயைச் சுட்டாலும் சட்டம் அவருக்குத் துணை நிக்கும். மலைப்பக்கம் ஏப்ரல், மே ஆடு ஈனற காலம். அந்த ரெண்டு மாசம் அந்த வழியே போகாம வேற பாதை பாருங்க.

தோட்ட வேலியும் இப்பவே சரிபண்ணுங்க. பத்து சென்டிமீட்டர் இடைவெளி இருந்தா குட்டி வெளியே. தோண்டிப் போகாம இருக்க, வலையோட அடிப்பகுதியை உள்பக்கமா மடிச்சு 30 சென்டிமீட்டர் தரையோட பரப்பி, மேல புல்கட்டியை வெச்சு மூடுங்க. நேரா ஆழமாப் புதைக்கறதைவிட இது நல்லா நிக்கும், ஏன்னா நாய் எப்பவும் வேலி ஓரத்திலேயேதான் தோண்ட ஆரம்பிக்கும், உடனே கம்பி தட்டுப்படும்.


கோதை_ஹெக்ஸம்

பக்கத்துத் தோட்டக்காரர்கிட்ட இன்னைக்குப் பேசியாச்சு, பாக்கெட்டில் டைஃபெனகோம்னு இருக்கு, பெட்டியை எடுத்துடறேன்னு சொல்லிட்டார். குட்டியைப் பார்க்க சனிக்கிழமை போறோம். டி.என்.ஏ தாளையும் தாயையும் பார்த்துட்டு இங்கேயே எழுதறேன். தகப்பன் நாய் வேற ஊரில் இருக்காம், அதோட தாளை வளர்ப்பாளர் வாங்கி வெச்சிருக்கணும்தானே?


செம்மண்

ஆமா, நகல் அவங்ககிட்ட இருக்கணும். இல்லேன்னு சொன்னா தாய் சுத்தம்னு தாளில் இருந்தாலே ஷேக்கிங் பப்பி விஷயத்துக்குப் போதும். ரெண்டு தாளும் இல்லேன்னா அந்தக் குட்டிகளை விட்டுடுங்க.